கிழக்குக்கு ஒரு பங்கு

ஜூன் 12, வியாழன்

கடிதம் வந்துவிட்டது. ஆசியக் கிண்ணத்துக்குப் போகிற பெண்கள் றக்பி அணியைத் தெரிவு செய்யும் ஐந்து பேரில் நானும் ஒருத்தி. கொழும்பில் யாருக்கோ ஒரு பெண் தேவைப்பட்டிருக்கிறது, இன்னொருவருக்குக் கிழக்கு மாகாணத்து ஆள், மூன்றாமவருக்கு ஒரு முஸ்லிம். மூன்று பேரை எடுத்தால் மூன்று பேருக்குச் சாப்பாடு போட வேண்டும். என்னை எடுத்தால் ஒரு பொதியோடு முடிந்துவிடும்.

பல வருசத்துக்கு முன் நடுவர் பயிற்சிக்குப் போக ஆளில்லை என்று வலயக் கல்விக் கந்தோரில் என்னைப் பிடித்து அனுப்பினார்கள். பந்து முட்டை மாதிரி இருக்கும் என்பதே அங்கே போய்த்தான் தெரியும். அன்றிலிருந்து இந்தக் கரையில் றக்பி என்றால் ஸகியா டீச்சர். வேறு ஆளில்லாத போட்டியில் முதலிடம் எடுப்பதில் எனக்கு நல்ல அனுபவம் இருக்கிறது.

அதிபர் மஜீட் சேர் காலைக் கூட்டத்தில் அறிவித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். கிரிக்கெட் என்று நினைத்திருப்பார்கள்.

ஜூன் 13, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து என் புருசன் பாயிஸ் முகமெல்லாம் பல்லாக வந்தார். அவருடைய குடிக்கு மரைக்காயர் இடம் காலியாகிறதாம். இவரைக் கேட்கிறார்களாம். ஹாட்வெயார் கடையைப் பூட்டிவிட்டு வீடு வீடாகப் போகப் போகிறார்.

கொழும்பில் யாராவது இதைப் பற்றிக் கேட்டால் எப்படி விளக்குவது என்று யோசித்துப் பார்த்தேன். குடி என்பது உம்மா வழியில் வருகிற வம்சம். எனவே என் புருசன் கலியாணம் முடித்து என் வீட்டுக்கு வந்து இருபது வருசமானாலும் அவர் அவருடைய உம்மாவின் குடி, நானும் பிள்ளைகளும் வேறு குடி. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு பிரதிநிதி, அவர்தான் மரைக்காயர். கந்தூரி விருந்துச் சோறுகூடக் குடிக்குக் குடிதான் பங்கு. இதை விளக்கி முடிப்பதற்குள் கொழும்புக்காரர் எழும்பிப் போய்விடுவார்.

"ஆளுடைய தகுதியைப் பார்க்காம ஆருட மகன் எண்டு பாத்து எடுக்கிற வேலை இந்தக் காலத்திலயும் நடக்குதே" என்றேன்.

"நீ கொழும்புக்குப் போ. நான் பள்ளிக்குப் போறன். வந்து ரெண்டு பேரும் கதைப்பம்" என்றார். அவர் இப்படிச் சிரித்துக்கொண்டு சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை.

ஜூன் 16, திங்கள்

இன்று மூன்று பேர் தங்கள் மகன்மாரைத் தேசிய அணியில் போடச் சொல்லிக் கேட்டார்கள். பெண்கள் அணி என்றேன். ஒருவர் மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

ஜூன் 19, வியாழன்

பின்னேரம் நிந்தவூரில் பயிற்சி. எங்கள் மைதானம் இந்த வருசம் இன்னும் ஒல்லியாகிவிட்டது. ஒரு பக்கம் கடல் தின்றுகொண்டு வருகிறது, மறுபக்கம் தோணிகள். நடுவில் மிஞ்சிய மணல் துண்டில்தான் பிள்ளைகள் ஓடுகிறார்கள். கரைவலை இழுக்கிற நேரமென்றால் அதுவும் இல்லை.

அந்தத் துண்டில் ஓடிப் பழகியதால்தான் எங்கள் கழகத்து றுமைஸா இப்படி ஆனாள். ஓரக் கோட்டை உரசிக்கொண்டு போவாள். இரண்டு பேர் மறித்து நின்றாலும் கோட்டுக்கு வெளியே கால் படாது. இங்கே கோட்டுக்கு வெளியே என்றால் கடல். உடுப்பு நனைந்தால் அவளுடைய உம்மா ஏசுவார், சித்தி லைலா என்று பெயர். எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இந்த முறை இல்லை.

மூன்று தரம் தேசியத் தெரிவுக்குப் போய் மூன்று தரமும் திரும்பி வந்தவள். வயது இருபத்தைந்து. கல்முனையில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை.

"நாலாவது தரமும் லீவு கேட்ட மிஸ். முதலாளி ஓமெண்டார். இனிக் கேக்கப்படாதாம்." பூட்ஸைக் கழற்றி மணலைத் தட்டினாள். "எனக்கும் இதுதான் கடைசி. இந்த முறையும் இல்லையெண்டா இத றிப்திக்குக் குடுத்துட்டு வேலையப் பாப்பன்."

றிப்தி அவளுடைய தங்கை. அந்தப் பூட்ஸுக்குள் றிப்தியின் இரண்டு காலையும் ஒன்றாக விடலாம்.

"நீ ஒழுங்கா ஓடு. மத்தத நான் பாத்துக்கிறன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூன் 28, சனி. கொழும்பு

ஓட்டத்தில் றுமைஸா முதலாவது. இரண்டாவதாக வந்தவள் கோட்டைத் தாண்டும்போது இவள் தண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொண்டிருந்தாள். விளையாடிக் காட்டியதிலும் பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்து மூன்று ட்ரை, மூன்றும் ஓரக் கோட்டோடு. பக்கத்தில் இருந்த தெரிவாளர் மும்முரமாக ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். பகல் சாப்பாட்டுக்கு யாருக்கு மீன், யாருக்குக் கோழி என்று எழுதிக்கொண்டிருந்தார்.

டெக்கிள் பண்ணும்போது தலைச்சீலை கழன்றால் என்ன செய்வது என்பதை மட்டும் எல்லோரும் ஆழமாக ஆராய்ந்தார்கள். அவளை யாராவது பிடித்தால்தானே டெக்கிள் என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. என் சிங்களத்தின் குறையாகவும் இருக்கலாம்.

ஜூன் 29, ஞாயிறு. கொழும்பு

இன்று நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

தலைவர் பழைய வீரர், பெரிய மீசை. நியாயம், நியாயம் என்று சொல்லித்தான் தொடங்கினார். பிறகு பன்னிரண்டு இடத்தையும் பங்கு போட்டார். மலைநாட்டுக் கழகத்துக்கு மூன்று. கொழும்பின் இரண்டு கழகங்களுக்கும் மும்மூன்று. அதில் ஒன்று அவருடைய பழைய கழகம். தென்கரைக் கழகத்துக்கு இரண்டு. அதன் பயிற்றுநர் நிலூக்கா மிஸ்தான் குழுவில் என்னைத் தவிர இருக்கிற ஒரே பெண். அந்தந்தக் கழகத்தின் ஆள் பெயரைச் சொல்வார். மற்றவர்கள் தலையிடுவதில்லை. அதுதான் மரியாதையாம்.

கண்ணை மூடினேன். எங்கள் பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டம்தான். தொப்பி மட்டும் இல்லை.

"கிழக்குக்கு ஒன்று" என்றார் தலைவர். "சொல்லுங்கள் மிஸ், உங்கள் பிள்ளையின் பெயர்?"

மூன்றெழுத்துப் பெயர். சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்திருக்கலாம்.

நான் எழும்பி நின்றேன். நின்றிருக்கத் தேவையில்லை, மற்றவர்கள் எல்லோரும் இருந்துகொண்டுதான் கதைத்தார்கள். எனக்குப் பங்கு வேண்டாம், பங்கு வைத்து அணி எடுப்பது சரியில்லை, நேற்று ஓடியதைப் பார்த்துத் திறமைக்குக் கொடுங்கள் என்றேன். திறமை பற்றி இரண்டு இரவு மனதுக்குள் மொழிபெயர்த்து வைத்திருந்த சிங்களம். பிழையில்லாமல் வந்தது.

தலைவர் நெஞ்சில் கை வைத்தார். "உயர்ந்த எண்ணம். அப்படியே செய்வோம். கிழக்கின் இடத்தைத் திறமைக்கு விடுவோம்."

கிழக்கின் இடத்தை. மற்றப் பதினொன்றும் இருந்தபடியே இருந்தன.

திறமைக்கு விட்ட அந்த ஒரு இடத்துக்குக் கை உயர்த்தச் சொன்னார்கள். மலைநாட்டின் நான்காவது பிள்ளைக்கு மூன்று கை. நிலூக்காவின் மூன்றாவது பிள்ளைக்கு ஒரு கை, நிலூக்காவுடையது. றுமைஸாவுக்கு ஒரு கை. என்னுடையது.

வாசலில் நிலூக்கா என் கையைப் பிடித்தார். "ஏன் மிஸ் அப்படிச் செய்தீர்கள்? பெயரைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்குமே. அந்தப் பிள்ளைதான் இவர்கள் எல்லோரிலும் கெட்டிக்காரி."

"அப்படியென்றால் ஏன் கை உயர்த்தவில்லை?"

"அதெப்படி? என் பிள்ளை ஒருத்தி இருந்தாளே" என்றார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

ஜூன் 30, திங்கள்

பத்திரிகையில் பெயர்கள் வந்திருக்கின்றன. முற்றிலும் திறமையின் அடிப்படையில் தெரிவு என்று தலைவர் சொல்லியிருக்கிறார். ஒரு இடத்தைப் பொறுத்தவரை உண்மைதான்.

ஜூலை 2, புதன்

பாமசிக்குப் போனேன். போனில் சொல்ல வாய் வரவில்லை.

பத்திரிகையை அவளும் பார்த்திருக்கிறாள். "ஓட்டத்துல ஏதும் பிழையா மிஸ்?" என்று கேட்டாள்.

"இல்ல."

"தலைச்சீலையா?"

"இல்ல." பிறகு சொன்னேன். "கிழக்குக்கு ஒரு இடம் தந்தாங்க. உன்ட பேரத்தான் கேட்டாங்க. நான்தான் பங்கு வேணாம் எண்டுட்டன்."

மாத்திரைக் கார்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். கோபப்பட்டிருந்தால் நல்லது. படவில்லை.

"எனக்கு வேணுமா எண்டு நீங்க கேக்கல்லயே மிஸ்."

அப்போது ஒரு வாப்பா இருமல் மருந்து கேட்டு வந்தார். பிள்ளைக்கா பெரியாளுக்கா என்று கேட்டு எடுத்துக் கொடுத்தாள். எப்படிக் குடிக்க வேண்டும் என்று விளங்கப்படுத்தினாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

என்ன செஞ்ச நான்? ஆருக்குக் காட்ட எழும்பி நிண்ட? மூணு ஆம்புளையளும் 'ஆகா, டீச்சர் நல்லவ' எண்டு நினைக்கவா? அதுக்கு அவட மூணு வருசத்த எடுத்துக் குடுத்திட்டு வந்திரிக்கன். சொந்தப் பங்க விட்டுக் குடுத்தாப் பரவால்ல — அது அவட பங்கு. அதை விட எனக்கு ஆரு உரிமை தந்த?

அழுதேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் மௌத்து வீட்டுக்கா போறீங்க என்று கேட்டார்.

ஜூலை 4, வெள்ளி

பாயிஸ் நான்கு நாளாக ஒன்றும் கேட்கவில்லை. இன்று சாப்பிடும்போது தொடங்கினார்.

"கொழும்புல குடி இல்லையெண்டு ஆரு உனக்குச் சொன்ன?"

கறிச்சட்டியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். அவருக்கு அது காதில் ஏறவில்லை.

"குடி இல்லாத ஆளும் பள்ளிக்கு வரலாம் ஸகியா. தொழலாம், முன் வரிசையில நிக்கலாம், ஆரும் ஒண்டும் சொல்ல மாட்டாங்க. கந்தூரிச் சோறு பங்கு வைக்கக்குள்ள மட்டும் அவர்ர பேரக் கூப்பிட ஆளிருக்காது."

"அப்ப அவங்க பட்டினியா?"

"ஏன் பட்டினி? ஒரு குடியில சேத்துக்குவாங்க. நம்மட ஒழுங்கைல வூடு கட்டி இரிக்கிற மேசன் அஸ்பாக் காக்கா இல்லையா? புத்தளத்தால வந்த மனிசன். எங்கட குடிதான் சேத்தெடுத்த. இப்ப ஓடாவியார் குடி எண்டா முதல்ல நெஞ்ச நிமித்திறது அவர்தான்."

எனக்கு உபதேசம் தேவைப்படவில்லை. மீன் குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று அவர் சொல்லாததும் ஒரு வகை உபதேசம்தான்.

ஜூலை 9, புதன்

பயிற்சி முகாமில் நிலூக்காவின் பிள்ளை ஒருத்திக்குக் கணுக்கால் பிரண்டுவிட்டதாம். ஓரத்தில் ஓடுகிறவள். ஆறு வாரம் ஓய்வு. அல்லாஹ் அந்தப் பிள்ளைக்குச் சுகத்தைக் கொடுக்கட்டும். இதை மனமாரத்தான் எழுதுகிறேன்.

ஆனால் ஒரு மரைக்காயர் மௌத்தானால் அடுத்தவர் அதே குடியில்தான் வருவார். அந்த இடம் நிலூக்காவுடையது. மீசைக்காரர் தலையிட மாட்டார். அதுதான் மரியாதை.

இடைவேளையில் விளையாட்டறைக் கதவைச் சாத்திவிட்டு நிலூக்காவுக்கு எடுத்தேன்.

"என் மூன்றாவது பிள்ளை நன்றாக முட்டுவாள் மிஸ், ஓடமாட்டாள்" என்று அவரே தொடங்கினார். "எனக்கு ஓடுகிறவள் வேண்டும்."

"என்னிடம் ஒருத்தி இருக்கிறாள். கிழக்கு என்று சொல்ல வேண்டாம். உங்கள் கழகம் என்று போடுங்கள்."

நிலூக்கா சிரித்தார். "பங்கு வேண்டாம் என்று எழும்பி நின்றது நீங்கள்தானே?"

"ஓம். இப்ப இருந்துகொண்டு கதைக்கிறேன்" என்றேன்.

நிபந்தனைகளைச் சொன்னார். அவளைத் தென்கரைக் கழகத்தில் பதிய வேண்டும். இரண்டு வருசம் அவர்களுக்குத்தான் விளையாட வேண்டும், அவர்களின் விடுதியில் தங்க வேண்டும். எங்கள் கழகத்திலிருந்து நான் விடுவித்துக் கடிதம் கொடுக்க வேண்டும். கிழக்குப் பிள்ளை என்றால் மேசையில் ஆயிரம் கேள்வி வரும், எங்கள் பிள்ளை என்றால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள் என்றார்.

பின்னேரம் பாமசிக்குப் போனேன். முழுவதையும் சொல்லிவிட்டு, இந்த முறை கேட்டேன். "உனக்கு வேணுமா?"

"ஓம் மிஸ்." நான் கேட்டு முடிக்கவில்லை.

ஜூலை 12, சனி

சித்தி லைலாவின் வீடு. மகளுக்கென்று கட்டுகிற வீடு பக்கத்தில் சுவரளவில் நிற்கிறது. சீதன வீடு. ஓடு போடுவதுதான் பாக்கி.

"பொம்புளப் புள்ளைய ஊர விட்டு அனுப்புற வழக்கம் நம்மளுக்கு இரிக்கா டீச்சர்? மாப்பிளதான் நம்மட வூட்டுக்கு வாற. நான் இவக்கு வூடு கட்டிட்டு இரிக்கன், நீங்க என்னெண்டா புள்ளையக் கேக்கிறீங்க."

இதற்கு நான் தயாராகி வரவில்லை. இந்தக் கரையில் ஆண் பிள்ளைகளைத்தான் ஆயிரம் வருசமாக அனுப்பி வைக்கிறோம். என் மகன் போகப் போகிற நாளை நான் இப்போதே எண்ணத் தொடங்கிவிட்டேன். மகள் போவாள் என்று எந்த உம்மாவும் மனதைப் பழக்கி வைத்திருப்பதில்லை.

றுமைஸா குசினி வாசலில் நின்றாள். "உம்மா, ரெண்டு வருசம். திரும்பி வருவன்."

சித்தி லைலா என்னைப் பார்த்துக் கேட்டார். "சரி. வழக்கத்த மாத்திறதெண்டா ஒழுங்கா மாத்துங்க. நம்மட புள்ள அங்க போறதெண்டா, சீதனம் அவங்கதானே தரணும்?"

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நிலூக்காவை வீடியோவில் எடுத்தோம். நான் நடுவில் மொழிபெயர்ப்பு. அறையில் எத்தனை பேர்? குளியலறைக் கதவு உள்ளே பூட்டுமா? ஹலால் சாப்பாடு யார் சமைப்பது? பெருநாளுக்கு அனுப்புவீர்களா? புதுப் பூட்ஸ் தருவீர்களா? காலில் அடிபட்டால் உங்கள் வீட்டில் வைத்துப் பார்ப்பீர்களா, எங்கள் தலையில் கட்டுவீர்களா? நிலூக்கா ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து இருந்து பதில் சொன்னார். தெரிவுக் குழுவில் இதில் பாதிக் கேள்வியையாவது யாரும் கேட்டிருந்தால் நாடு எங்கேயோ போயிருக்கும்.

போனை வைத்த பிறகு சித்தி லைலா தீர்ப்புச் சொன்னார். "நல்ல முகம். நல்ல குடும்பம் போல."

ஜூலை 14, திங்கள்

கடிதத்தில் கையெழுத்து வைத்தேன். பங்கு வேண்டாம் என்றவள் பிள்ளையையே கொடுத்துவிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

காலையில் றுமைஸாவைப் பஸ் ஏற்றினோம். சித்தி லைலா அழவில்லை. ஒரு போத்தல் சம்பல், ஒரு போத்தல் மாசித் தூள், இறைச்சிப் பொரியல் ஒரு டப்பா. ஆசியக் கிண்ணத்துக்குப் போகிறாளா பஞ்சத்துக்குப் போகிறாளா என்று தெரியவில்லை. பஸ் நகர்ந்ததும் நான்தான் அழுதேன். உம்மாக்காரி என் முதுகைத் தடவினார்.

பழைய பூட்ஸ் றிப்தியிடம் வந்துவிட்டது. முன்னால் துணி அடைத்துப் போட்டுக்கொண்டு இன்று கடற்கரையில் ஓடினாள். ஒரு பூட்ஸைக் கடல் கொண்டுபோய்த் திருப்பித் தந்தது.

ஜும்ஆவுக்குப் பிறகு பாயிஸ் ஓடாவியார் குடியின் மரைக்காயராகத் தெரிவானார். அவருக்காக முதலில் எழும்பிக் கதைத்தவர் மேசன் அஸ்பாக் காக்காவாம். முற்றிலும் திறமையின் அடிப்படையில்தானே என்று கேட்டேன். "பின்ன?" என்றார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மஜீட் சேர் கூப்பிட்டார். வலயக் கந்தோருக்கு அறிக்கை போக வேண்டுமாம். தெரிவுக் குழுவில் கிழக்கு, ஒருவர். அணியில் கிழக்கு, ஒருவருமில்லை.

"நீங்க இருந்தும் நம்மட புள்ள ஒண்டக்கூட உள்ளுக்குப் போட ஏலாமப் போச்சே டீச்சர்" என்றார். குரலில் ஏமாற்றம். பாவம், நல்ல மனிசன்.

"ஓம் சேர்" என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று பள்ளியில் கந்தூரி. இன்றுதான் மூன்றாமிடத்துக்கான ஆட்டமும். பாயிஸ் விடியவே போய்விட்டார். கந்தூரி கூடாது என்று வருசம் முழுக்க ஒழுங்கையில் நின்று வாதிடுகிறவர்களும் சட்டியோடு போவதை யன்னலால் பார்த்தேன்.

சித்தி லைலாவும் றிப்தியும் என் வீட்டுக்கு வந்தார்கள். போனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்துப் பார்த்தோம்.

றுமைஸாவைக் கடைசிவரை இருத்தி வைத்திருந்தார்கள். முடிவதற்குக் கொஞ்சம் இருக்கும்போது இறக்கினார்கள். நாங்கள் புள்ளியில் பின்னுக்கு நின்றோம். முதல் பந்து கையில் வந்ததும் சித்தி லைலா ஸலவாத்துச் சொல்லத் தொடங்கினார். மறித்து வந்தவர்கள் மூன்று பேர். ஓரக் கோட்டுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற இடம்கூட இல்லை. எங்கள் மைதானம் அவ்வளவுதான் அகலம். போய்விட்டாள். ஒரு கால்கூட வெளியே படவில்லை.

நான் கத்தியதில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

ட்ரையோடு ஆட்டம் எங்களுடையதானது. வர்ணனையாளர் தென்கரைக் கழகம் கண்டெடுத்த முத்து என்றார். பிறகு அணியோடு போயிருந்த நிலூக்காவிடம் ஒலிவாங்கியை நீட்டினார்கள். ஓரக் கோட்டில் இப்படி ஓட எங்கே பழக்கினீர்கள் என்ற கேள்விக்கு அவர், "எங்கள் கடற்கரையில்தான்" என்று கூசாமல் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றதை இங்கே எழுதிவிடுகிறேன், வேறு எங்கே எழுத?

"என்ன சொல்றா அந்த மிஸ்?" என்று சித்தி லைலா கேட்டார்.

"உங்கட மகள் நல்லா ஓடினாவாம்" என்று மொழிபெயர்த்தேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு பாயிஸ் வந்தார். கையில் மூன்று சோற்றுப் பொதி. ஒன்று எங்கள் வீட்டுப் பங்கு. ஒன்று சித்தி லைலாவுக்கு, அவர்கள் வெளியூர் என்றாலும். மூன்றாவதை மேசையில் தனியாக வைத்தார்.

"இது ஆருட?"

"நிலூக்கா மிஸ்ஸிட. நம்மட புள்ளையத் தங்கட குடியில சேத்தெடுத்தவங்க. அவங்கட பேரயும் கூப்பிடச் சொன்னன்."

"பள்ளிக்குள்ளயா? நிலூக்கா எண்டா?"

"ஓம். அஸ்பாக் காக்கா எழும்பிக் கை நீட்டி வாங்கினார்."

சித்தி லைலா சிரித்துக் கண்ணைத் துடைத்தார். நிலூக்காவின் வீடு நாட்டின் மறு கரையில். நெய்ச்சோறும் மாட்டிறைச்சியும் சூட்டோடு இருந்தன. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"அதை நீ எடு" என்றார் பாயிஸ்.

எடுத்தேன். இந்த முறை வேண்டாம் என்று சொல்லவில்லை.